நடுவில் வரச் சொன்னவர்

மதுரையில் பாய்ப்படகுப் பந்தயம் நடந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே கூட்டம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்க்கிற ஊர் இது, இங்கே படகு எங்கிருந்து வந்தது, பாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. நடந்தது நடந்ததுதான். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்களில், விளாங்குடி தாண்டி ஒரு கண்மாயில், மழை முடிந்து தண்ணீர் கரை தொட்டு நிற்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று படகுகள் பாய் விரித்துப் போட்டி போட்டன. அதில் ஏறினவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்களையெல்லாம் பிடித்து ஏற்றி, கயிற்றைக் கையில் கொடுத்து, இப்படி உட்கார், அப்படிப் பிடி என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கம்பெனி ஸ்டோர் கீப்பர்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் செல்லூர்ப் பக்கம் இருக்கிறார்கள், நான் அந்தத் தெரு வழியாகத்தான் போய் வர வேண்டும். அண்ணே என்றுதான் நான் கூப்பிடுவேன். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி. செல்லூரில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பம் இருக்கும் வளவு ஒன்றில், என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர்கள் வீட்டில் தாளித்தால் நான் தும்முவேன்.

அண்ணனிடம் ஒரு குணம் உண்டு. யாரையும் முந்த மாட்டார். கிணற்றடியில் வாளியை இறக்கியிருப்பார். பின்னால் யாராவது குடத்தோடு வரும் சத்தம் கேட்டால் போதும், "நீங்க எறைங்க, எனக்கு அவசரமில்ல" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் எண்ணெய் வழியும். ஆனாலும் அவருக்கு அவசரமில்லை. ஆபீசிலும் அப்படித்தான். வாசலில் யாரைக் கண்டாலும் நின்றுவிடுவார், அவர்கள் நுழைந்த பிறகுதான் இவர் நுழைவார். பியூனுக்குக்கூட வழிவிடுவார். பியூனுக்கு அது சங்கடமாக இருக்கும், பாவம், அவனும் நின்றுவிடுவான். இருவரும் வாசலில் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஹெட் கிளார்க் உட்கார்ந்திருந்த நாற்காலியே இவருக்கு வந்திருக்க வேண்டியது. சர்வீஸில் இவர்தான் மூத்தவர். இடம் காலியானபோது, "அவருக்குப் பிள்ளைகுட்டி ஜாஸ்தி, அவரே உக்காரட்டும்" என்று தானாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மதினி அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாளும் சமைக்கவில்லை. அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். சரியாகத்தான் போயிற்று. மதினியின் கோபம் பால் மாதிரி, பொங்கும், அடங்கும்.

ஒரு தடவை மட்டும் அது அடங்க நாளானது. அவர்கள் மகளுக்கு நல்ல காய்ச்சல். அனல் வீசுகிற உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வைத்தியர் வீட்டுக்குப் போனார். காலையில் போனவர் மத்தியானம் வரை வரவில்லை. மதினி என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால், வைத்தியர் வீட்டு வாசலில் ஒரு ஓரமாக, மகளை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவருக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வைத்தியர் சாப்பிட உள்ளே போய்விட்டார். "அந்தக் கிழவருக்கு ரொம்ப மூச்சு வாங்குச்சு, அனுப்பிட்டேன். அப்புறம் ஒரு பிள்ளத்தாச்சிப் பொண்ணு, அதை எப்படி நிக்க வைக்கிறது?" என்றார் என்னிடம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம்தான். பிள்ளை மடியில் முனகிக்கொண்டிருந்தது.

அன்று மதினி சத்தம் போடவில்லை. "ஊருக்கெல்லாம் வழிவிடுங்க. என்னையும் என் பிள்ளையையும் மட்டும் வழியில நிப்பாட்டிருங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, கடவுள் புண்ணியம்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பிறருக்கு வழிவிடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி தெரியும். முந்துவது என்றாலே அவருக்குக் கழுத்தில் கத்தி வைத்தது போல. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது, அதுதான் எனக்குச் சங்கடம்.

எங்கள் கம்பெனி வெள்ளைக்காரர்களுடைய பஞ்சுக் கம்பெனி. துரை ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், முன்கோபி. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர், ஆகையால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். ஒருமுறை சரக்குக் கிட்டங்கிக்குள் வரும்போது தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி, பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்துவிட்டார். தொப்பி ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். நாங்கள் ஓடப் பார்த்தோம். அண்ணன் கையை நீட்டி எங்களைத் தடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாங்களும் திரும்பி நின்றோம். துரை தானாக எழுந்து, தூசியைத் தட்டி, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பேச ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினோம்.

"பெரிய மனுஷங்க விழுந்தா பாக்கப்படாது. விழுந்தது வலிக்காது, பாத்ததுதான் வலிக்கும்" என்றார் பிற்பாடு. அது எங்கள் பக்கத்தில் இருக்கிற வழக்கம்தான். ஜமீன் வீட்டிலோ பெரிய பண்ணையிலோ வேலை பார்த்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்கள் ஆபீசில் அதற்குப் பிறகு அது சட்டமாகவே ஆகிவிட்டது.

அந்தத் துரைக்குத்தான் பாய்ப்படகு ஆசை. சின்ன வயதில் அவருடைய ஊரில் ஓட்டியிருப்பாராம். தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை லாரியில் வரவழைத்தார், அதைப் பார்த்து உள்ளூர் ஆசாரியை வைத்து இன்னும் இரண்டு செய்யச் சொன்னார். தனியாக ஓட்டினால் என்ன சுகம், போட்டி போட ஆள் வேண்டுமே. அண்ணன் கொஞ்ச காலம் தூத்துக்குடிக் கிளையில் இருந்தவர், சரக்குக்காகத் தோணிகளில் போய் வந்து பாய் இழுக்கப் பழகியிருந்தார். அவரைக் கூப்பிட்டு, "குமாஸ்தாக்களுக்குக் கற்றுக்கொடும். இது விளையாட்டு மட்டுமே. எவரும் அஞ்ச வேண்டாம்" என்றார் துரை.

விளையாட்டு மட்டுமே என்று துரை சொன்னால் அது விளையாட்டாகுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு, கோவிலுக்கு நேர்ந்துகொண்டு, சைக்கிளில் கண்மாய்க்குப் போனோம்.

முதல்தரம் ஏறுகிறவனைக் கரையில் உட்கார வைத்துக்கொண்டு அண்ணன் பேசுவார். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம்.

"தம்பி, படகுல எந்திரிச்சு நிக்காதீங்க. நின்னா நீங்களும் விழுவீங்க, கூட இருக்கிறவனையும் சேத்துத் தள்ளுவீங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமா உக்காருங்க. பாயோட அடிக்கட்டை திரும்பும்போது தலையக் குனிஞ்சுக்கிருங்க, அது யாரு தலைன்னு பாக்காது. தண்ணி மேல கறுப்பா ஒரு பட்டை ஓடி வரும், அதுதான் காத்து. அது வந்து சேர்றதுக்கு முன்னாடியே கயித்த இளக்கிப் புடிங்க. எதை மறந்தாலும் இதை மட்டும் மறந்துறாதீங்க. கயித்த எதுலயும் கட்டக்கூடாது, கையில சுத்தக்கூடாது. படகு சாஞ்சா விட்டுரணும். விட்டா பாயில காத்து நிக்காது, படகு தானா நிமிந்துரும்."

காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது, குறுக்கே வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும் என்பதையும், பழகாதவன் கொடி இறங்கின உடனே முண்டியடிக்காமல் மற்றவர்களைப் பார்த்துப் பின்னாலேயே போக வேண்டும் என்பதையும், இரண்டு படகு எதிரெதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்வார். ஒதுங்குவதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் மலரும். நல்ல புத்திமதிதான் எல்லாம். பிறகு துரை எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்.

"துரைக்கு முன்னால போயிராதீங்க. அதுக்காகக் கடைசியாவும் வராதீங்க, மனசில்லாம வந்திருக்கான்னு நெனப்பாரு. நடுவுல வாங்க. அப்புறம், துரை படகு சாஞ்சாலோ கவுந்தாலோ அந்தப் பக்கம் பாக்காதீங்க. கொக்கு இருக்கும், மரம் இருக்கும், அதைப் பாருங்க."

"மூணு படகுதானண்ணே இருக்கு. ரெண்டு பேரும் எப்படி நடுவுல வர்றது?" என்று கேட்டேன்.

"கடைசிக்கு நான் இருக்கேன்ல" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. வாரா வாரம் துரை முதலில் வந்தார், அண்ணன் கடைசியில் வந்தார், நடுவில் யாரோ வந்தோம். ஒருநாள் கரை ஓரத்திலேயே துரையின் படகு கவிழ்ந்தது. அன்று அவர் தனியாகத்தான் போயிருந்தார். இடுப்பளவு தண்ணீர். தலையில் பாசியோடு எழுந்து நின்றார். மற்ற இரண்டு படகிலும் இருந்தவர்கள் கருவேல மரத்தில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற நாங்கள் மேகத்தைப் பார்த்தோம். துரை தானே படகை நிமிர்த்தி ஏறிக்கொண்டார். அண்ணனுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம், பிள்ளைகளெல்லாம் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று.

எனக்குக் கிடைத்தது வேறு ஒரு நாள். அண்ணன் சுக்கான் பிடிக்க, நான் பாய்க்கயிறு பிடித்தேன். தூரத்தில் நட்ட கம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, எங்கள் படகுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. கயிறு கையில் துடிக்கிறது. தண்ணீர் பலகைக்கு அடியில் சலசலக்கிறது. இரண்டாவது படகைத் தாண்டினோம். துரையின் படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். துரை திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டி, வா வா என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அப்போது அண்ணன் சுக்கானை லேசாகத் திருப்பினார். பாய் தொய்ந்து படபடவென்று அடித்தது. படகு நின்றே போயிற்று.

"காத்து விழுந்துருச்சு" என்றார், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் தோளில் கிடந்த துண்டு காற்றில் பறந்துகொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் துரை கேட்டார். "உங்கள் படகு நன்றாக வந்ததே. என்ன ஆயிற்று?"

"காத்து விழுந்துருச்சுங்க துரை."

துரையின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. அந்த மனிதருக்கு நிஜமாகவே போட்டிதான் வேண்டியிருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அண்ணனிடம் சொன்னேன். "அவுக அப்படித்தான் காட்டிக்கிருவாக. நம்பி முந்திப் பாரு, அப்பத் தெரியும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சைக்கிளில் திரும்பும்போது செல்லூர் வரை அவர்தான் பேசிக்கொண்டே வந்தார், நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவரோடு ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.

சண்முகம் வந்தது அந்த வருஷம்தான். மதினியின் தம்பி. என் வயதுதான், நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம். அப்பா அம்மா இல்லை, அக்கா வீடுதான் எல்லாம். பஞ்சு சீசனுக்கு ஆள் எடுத்தபோது அவனும் எங்கள் ஆபீசில் தற்காலிகமாகச் சேர்ந்தான். சீசன் முடிந்தால் தற்காலிக ஆட்களை நிறுத்திவிடுவார்கள். யாரை நிறுத்துவது, யாரை நிரந்தரமாக வைப்பது என்பது துரை வாயில் இருந்தது. அதைச் சாதகமாகச் சொல்ல வைக்க ஒவ்வொருவனும் ஒவ்வொரு வழியாக முட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மதினி விடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்களுக்கு ஹெட் கிளார்க் வேலை வேணாம், சரி. பிள்ளைக்கு மருந்து வாங்கவும் கடைசியில நின்னீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். என் தம்பிக்கு என்னையத் தவிர நாதியில்ல. அவனுக்காக ஒரே ஒரு தரம் முன்னால போயி நில்லுங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"அவன விட ஏழைப்பட்ட பயலுக ரெண்டு பேரு இருக்கானுக..."

"இருக்கட்டும். நீங்க போயி நில்லுங்க."

நின்றார். கல்யாணமான நாளிலிருந்து மதினி கேட்டு அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். துரையின் படகில் வழக்கமாகக் கயிறு பிடிக்கிற, அவருக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னத் துரை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்த இடத்துக்குத் தன் மைத்துனனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் துரையிடம் போய்க் கேட்டார். துரை உடனே சரி என்றுவிட்டார். வேலைக்காகக் கேட்காமல் படகுக்காகக் கேட்டது அண்ணனுடைய சாமர்த்தியம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் துரையோடு ஒரே பலகையில் உட்கார்ந்து வருகிறவனைத் திங்கட்கிழமை எப்படி நிறுத்த முடியும்?

வளவே கொண்டாடியது. மதினி பணியாரம் சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். சண்முகத்துக்கு அண்ணன் முற்றத்தில் வைத்து வகுப்பு எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். நிற்காதே, குனிந்துகொள், கறுப்புப் பட்டையைப் பார் என்று அதே பேச்சு. கயிற்றுக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம படகுன்னா கயித்த விட்டுரலாம். துரை படகுல அது மரியாதையா இருக்காது பாரு. அவரு புடின்னா புடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டுட்டான், கை பலமில்லாத பயன்னு பேரு வந்துரக்கூடாது."

"விட மாட்டேன் அத்தான்" என்றான் சண்முகம்.

"என்னண்ணே, எங்ககிட்ட மாத்திச் சொன்னீங்க?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார். மதினி உள்ளேயிருந்து, "நல்ல காரியம் பேசயில குறுக்க பேசாதீக" என்று என்னை அடக்கினாள். நான் பணியாரத்தைத் தின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடைக்காற்று பலமாக இருந்தது. கொடியை இறக்கிப் பந்தயத்தைத் துவக்குகிற வேலை எனக்கு. ஹெட் கிளார்க் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காற்று கம்பு இருக்கும் பக்கத்திலிருந்து கரையைப் பார்த்து வீசியது. துரையின் படகில் சண்முகம் புதுச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தான். கயிறு வழுக்கிவிடாமல் இருக்க அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். கரையிலிருந்து எனக்கு அது தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது.

கொடியை இறக்கினேன். மூன்று படகும் வளைந்து வளைந்து ஏறின. வேறு இரண்டு குமாஸ்தாக்கள் போன படகு காற்றைச் சமாளிக்க முடியாமல் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டது. அதனால் எப்போதும் கடைசியில் வருகிற அண்ணன் அன்று துரைக்கு அடுத்தபடியாக வர வேண்டியதாயிற்று. அவருடைய படகில் கயிறு பிடிக்க ஒரு புதுக் குமாஸ்தா.

துரை கம்பைச் சுற்றினார். சுற்றும்போது பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வேகமாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று. படகு சாய்ந்தது. கயிற்றை விட்டிருந்தால் நிமிர்ந்திருக்கும். அது விடப்படவில்லை. படகு படுத்தது, பாய் தண்ணீரில் விழுந்தது.

அண்ணன் படகு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. நாலு ஆள் நீளம்கூட இருக்காது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அண்ணன் சுக்கானைத் திருப்பினார். பாய் தொய்ந்து படபடத்தது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கருவேல மரங்களைப் பார்த்தார். கூட இருந்த புதுக் குமாஸ்தாவும் மரங்களைப் பார்த்தான். பின்னால் வந்த படகும் நின்றது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் துண்டைச் சரிசெய்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள்.

தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. செம்பட்டைத் தலை.

"அண்ணே! சண்முகத்தக் காணோம்! போங்கண்ணே!" என்று கத்தினேன். எதிர்க்காற்று. என் சத்தம் என் முகத்திலேயே வந்து அடித்தது. கொடியை ஆட்டினேன், பார்க்கத்தான் யாருமில்லையே. ஹெட் கிளார்க் என் கையைப் பிடித்து இழுத்தார். "கத்தாதய்யா. துரைக்குக் கூச்சமாப் போயிரும்."

துரை மூழ்கினார். எழுந்தார். மறுபடி மூழ்கினார். பாயைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. எங்களைப் பார்த்துக் கையை வீசினார். நீச்சல் தெரியாத நான் கரையில் இங்கும் அங்கும் ஓடினேன். துரை இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு மூன்றாம் முறை மூழ்கி, கயிற்றை அறுத்து, சண்முகத்தின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கவிழ்ந்த படகின் மேல் போட்டார். அதுவரை அந்த இரண்டு படகும் பாய் படபடக்க அங்கேயேதான் நின்றன. துரையின் வாயிலிருந்து ஒரு அலறல் வந்த பிறகுதான் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் படகில் கரை சேர்ந்ததும் சண்முகத்தைக் குப்புறப் போட்டு, முதுகில் அழுத்தி அழுத்தித் தண்ணீரை எடுத்தவரும் துரைதான். அவன் இருமினான், மூச்சு வந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்துத் தோல் உரிந்து கிடந்தது. துரை எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"நீர் மிக அருகில் இருந்தீர். ஏன் வரவில்லை?"

"காத்து விழுந்துருச்சுங்க துரை" என்றார் அண்ணன்.

நிற்க முடியாத அளவுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துரை அவரையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் கண்மாயில் படகு ஓடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் ஆபீசிலிருந்து வரும்போது கையில் மல்லிகைப்பூவும் அல்வாவும் இருந்தன. நான் சண்முகத்தைப் பார்க்க அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கண்மாயில் நடந்ததை வளவில் யாரோ மதினியிடம் சொல்லிவிட்டார்கள். யார் என்று இப்போது எதற்கு, ஊரே பார்த்த விஷயம்தானே. மதினி அன்றும் சத்தம் போடவில்லை.

"வேலை நிரந்தரமாயிருச்சு. துரையே கூப்பிட்டுச் சொன்னாரு. ஒடம்பு தேறுனதும் வரச் சொல்லுன்னாரு" என்று சொல்லிப் பூவை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று அவர் மனதார நினைத்தார். மதினி அதை வாங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். துரைகிட்டச் சொன்ன மாதிரி எங்கிட்டச் சொல்லாதீங்க. கவுந்த படகுல இவன் இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் ஏதாவது சமாளிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். யாருக்கும் மனம் கோணாமல் பேசத் தெரிந்தவர். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலையுங்கள் அண்ணே என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவரோ மறந்துபோன ஒன்றைத் தேடுவது போல யோசித்தார்.

"ஏறும்போது தெரியும். நான்தானே ஏத்திவிட்டேன். கவுந்தப்ப..." என்று நிறுத்தினார். "துரை விழுந்துட்டாருன்னு மட்டுந்தான் தோணுச்சு. சண்முகம் விழுந்தான்னு எனக்குத் தோணவே இல்ல."

அது உண்மை. கேட்ட மூன்று பேருக்கும் அது உண்மை என்று தெரிந்தது. மதினி அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டிலில் சண்முகம் புரண்டு படுத்தான்.

"விடுக்கா. வேலைதான் கெடச்சிருச்சுல்ல" என்றான். "சார் கையில இருக்கிறத வாங்கி வையி. எம்புட்டு நேரம் நிப்பாரு."

மதினி பூவையும் அல்வாவையும் வாங்கி அடுப்படிக்குள் வைத்தாள். ரொம்ப வருஷம் அவர்கள் எல்லோரும் அந்த வீட்டிலேயேதான் இருந்தார்கள். சண்முகம் அவரை அத்தான் என்று கூப்பிட்டு அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.